அணைத்த பிறகும் ஓடும் விசிறி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பிஸ்கட், கேக் வேலை மும்முரமாகும் நேரம். "ஓவன் அரை மணி நேரம் ஓடுகிறது, தானாக நின்றுவிடுகிறது, ஆறியதும் மறுபடி சூடாகிறது. புதிதாக வாங்கிவிடலாமா?" பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில்.

கேபினட்டுக்குள் பதித்த ஓவன்கள் பலவற்றில் இரண்டு விசிறிகள் உண்டு. உள்ளே பின்சுவரில் தெரிவது சூட்டைச் சமமாகப் பரப்பும். இன்னொன்று மேலே மறைந்திருக்கும். குமிழ்களும் மின்பலகையும் வெந்துபோகாமல் சமையலறைக் காற்றை இழுத்து, கதவையொட்டிய இடுக்கு வழியாக வெளியே தள்ளும். ஓவனை அணைத்த பிறகும் இது ஓடுவது கோளாறு அல்ல. சூடு தணியும்வரை ஓடத்தான் வேண்டும். மின்சாரம் வீணாகிறதே என்று சுவர் சுவிட்சை உடனே அணைப்பவர்கள் சில காசை மிச்சம் பிடித்து மின்பலகையைச் சுடுகிறார்கள்.

இந்த விசிறி நின்றால், சூடு எல்லை மீறியதும் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அரை மணி நேரக் கதை அதுதான். ஓவன் நன்கு சூடானதும் ஒரு டிஷ்யூவை அந்த இடுக்கின் முன் பிடியுங்கள். படபடத்தால் விசிறி ஓடுகிறது.

விசிறி ஓடியும் ஓவன் நின்றால் என் சந்தேகம் கேபினட் மேல்தான். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், புதுப்பிப்பு வேலை செய்தவர் ஓவனின் பின்பக்கத்தைப் பலகையால் அழகாக அடைத்திருந்தார். காற்று வர வழியே இல்லை. பலகையை வெட்டி எடுத்தோம், ஓவனில் ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. கடலோர வீடுகளில் உப்புக்காற்று விசிறியின் அச்சைத் துருப்பிடிக்க வைக்கும். கரப்பானும் பல்லியும் வேறு அங்கே குடியேறும். சூடான இடம் யாருக்குத்தான் பிடிக்காது!

ஓவன் நிற்காமல் கேக் மட்டும் கருகினால் அது வேறு கோளாறு. ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து 180 பாகைக்குத் திருப்பி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 170க்கும் 190க்கும் இடையே ஊசலாடினால் கவலையில்லை. 220ஐத் தாண்டினால், ஓவனை அணைத்து ஆறவிட்டு, உட்சுவரிலுள்ள உணர்கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கமும் வேண்டாம். சூடு அங்கேயே தேங்கும். குமிழை அணைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் மட்டும் சுவர் சுவிட்சை உடனே அணையுங்கள்.

பிளக் தொட்டால் சுடுகிறதா? 13 ஆம்பியர் பிளக் சுமார் 3,000 வாட்தான் தாங்கும். அதற்கு மேற்பட்ட ஓவனுக்குத் தனி இணைப்பு தேவை. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.

பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, டிஷ்யூ படபடத்ததா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்காமலேயே "மின்பலகை முழுதும் போய்விட்டது" என்பவரிடம், கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.