ஆவணப்படமும் ஓர் ஆவணமே

வங்கிக் கிளைக்கு வரும் எவரும் தவறாமல் கேட்கும் சொல் 'ஆவணம்'. சித்தூரிலும் திருப்பதியிலும் பயிர்க்கடன் கோரும் விவசாயி பட்டாதார் பாஸ் புத்தகத்தையும், வீட்டுக் கடன் கோருபவர் கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் கொண்டு வருகிறார்கள். அவற்றை வாங்கிக் கோப்பில் வைத்ததோடு எங்கள் கடமை முடிவதில்லை. எழுதிக் கொடுத்தவர் யார், எழுதிய நாள் எது, எந்தப் பக்கம் விடுபட்டுள்ளது, யாருடைய கையொப்பம் இல்லை என்று பார்க்கிறோம். உண்மை வாழ்வைப் பதிவு செய்யும் திரைப்படத்துக்கு 'ஆவணப்படம்' என்று தமிழில் பெயரிட்டவர்கள் பொருத்தமான சொல்லையே தேர்ந்திருக்கிறார்கள். அத்தகைய படங்களை நாம் மிகுதியாகப் பார்க்க வேண்டும். பத்திரத்தைப் படிக்கும் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நாற்பதைக் கடந்த வாசகர்களுக்கு ஆவணப்படம் என்றதும், திரையரங்கில் பெரிய படம் தொடங்குமுன் ஓடிய செய்திப்படம் நினைவுக்கு வரும். 1948இல் மத்திய அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்தவை அவை. அது முடியும்வரை வெளியே நின்றவர்கள் பலர். ஆயினும் அந்நிறுவனத்தின் படைப்புகளுள் எஸ்.என்.எஸ். சாஸ்திரி இயக்கிய 'ஐ ஆம் 20' போன்ற அரிய படங்களும் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1947இல் பிறந்து, 1967இல் இருபது வயதை எட்டிய இளைஞர்களின் நம்பிக்கையையும் கசப்பையும் ஒருங்கே பதிவு செய்த குறும்படம் அது. அரசுப் பணத்தில் எடுத்த படத்திலேயே அரசின் மீதான குறையும் ஒலிக்கிறது. கல்லூரியில் பயிலும் மகனையோ மகளையோ அருகில் அமர்த்திக்கொண்டு பார்த்தால், வேலை, கல்வி, நாடு பற்றிய உரையாடல் தானாகத் தொடங்கும்.

இத்துறையில் தமிழர் ஒருவர் ஆற்றிய பணியை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பயண நூல்களாலும் 'குமரி மலர்' இதழாலும் அறியப்பட்ட ஏ.கே. செட்டியார், 1937இல் கப்பல் பயணம் ஒன்றின்போது காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க எண்ணினார். பல நாடுகளுக்கும் அலைந்து, பல ஆண்டுகளாகப் பலர் எடுத்திருந்த காட்சிகளைத் தேடிச் சேர்த்தார். திரட்டிய படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 50,000 அடி. அவற்றைத் தொகுத்து 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்டார். தெலுங்கிலும் படம் வந்தது. காந்தியடிகள் உயிருடன் இருந்த காலத்திலேயே, ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ், முப்பது வயதை எட்டாத ஓர் இளைஞர் முடித்த வேலை இது. 1953இல் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவம் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. தமிழ் மூலம் கிடைக்கவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் நம் மாவட்டத்து மக்கள் இரு மொழிகளிலும் பார்த்திருக்கக்கூடிய படம், இரு மொழிகளிலும் கைக்கு எட்டாமல் போனது. எடுப்பதற்குப் பட்ட பாட்டில் ஒரு பகுதியையேனும் காப்பதற்கு நாம் பட்டிருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

அண்மைக் காலப் படங்களுள் நம் பகுதி மக்கள் அவசியம் பார்க்க வேண்டியது 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கத்தில் 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியாகி, மறு ஆண்டு ஆஸ்கார் விருது பெற்ற இக்குறும்படத்தின் மொழி பெரும்பாலும் தமிழே. முதுமலையின் தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்னும் யானைக் கன்றைப் பெற்ற பிள்ளையைப்போல் வளர்க்கிறார்கள். ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்துபோன யானை. குப்பம், பலமனேர் பகுதிகளில் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு யானை என்றால் ஒரே இரவில் அழிந்த பயிர்தான் நினைவுக்கு வரும். அப்பயிரை நம்பி வாங்கிய கடனும் நினைவுக்கு வரும். அவர்களின் தரப்பு இப்படத்தின் எல்லைக்குள் வரவில்லை. அதனைக் குறையென்று சொல்ல மாட்டேன். ஒரு பத்திரம் ஒரு சொத்தைப் பற்றியே பேசும். ஆனால், வேலியின் மறுபுறத்திலும் ஒரு தாய், ஒரு பிள்ளை என்ற உறவு இருப்பதை நம் விவசாயிகளும், வேலியின் இப்புறத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இருப்பதை நகரத்தில் அமர்ந்து பார்ப்பவர்களும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

படம் எவ்வளவு சிறந்ததாயினும் அது ஒரு தரப்பின் சாட்சியே என்பதற்கு 'ரைட்டிங் வித் ஃபயர்' தக்க சான்று. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' என்னும் செய்தி நிறுவனம், அச்சிலிருந்து கைப்பேசிக் காணொலிக்கு மாறுவதைக் காட்டும் படம் இது. ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் இயக்கினார்கள். 2022இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகமே பாராட்டிய வேளையில், 'கபர் லஹரியா' நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படத்தின் ஆற்றலை ஒப்புக்கொண்ட அவ்வறிக்கை, தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டுமே முழுமைபோலக் காட்டியிருப்பதாகச் சுட்டிக்காட்டியது. படத்தையும் பார்த்து அவ்வறிக்கையையும் படிப்பவருக்கு, இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவரைவிடத் தெளிவு பிறக்கும். இதே இயக்குநர்கள் நம் ராயலசீமையின் சென்னேகொத்தபள்ளிப் பகுதியில் இயற்கை வேளாண்மை செய்யும் மக்களைப் பற்றி எடுத்த 'திம்பக்டு' தேசிய விருது பெற்றது. வறண்ட நிலத்தின் இயல்பை அறிந்த நம் விவசாயிகளுக்கு அது அயலார் கதையாக இராது.

வங்கித் துறையினர் என்ற முறையில் நான் பரிந்துரைக்கும் படங்கள் இரண்டு. முதலாவது, தீபா பாட்டியா 2009இல் எடுத்த 'நீரோஸ் கெஸ்ட்ஸ்'. பத்திரிகையாளர் பி. சாய்நாத், விதர்பாவில் தற்கொலை செய்துகொண்ட பருத்தி விவசாயிகளின் வீடுகளுக்குச் செல்வதைப் பின்தொடர்கிறது. கைதிகளை எரித்து அவ்வெளிச்சத்தில் விருந்து வைத்த நீரோ மன்னனைவிட, அங்கே அமைதியாக அமர்ந்து உண்ட விருந்தினர்கள் யார் என்பதே படம் எழுப்பும் வினா. வாராக்கடன் பட்டியலில் ஒரு வரியாக நாங்கள் காணும் பெயருக்குப் பின்னால் ஒரு வீடும், படிப்பைப் பாதியில் நிறுத்தும் ஒரு பிள்ளையும் இருப்பதை அது நினைவூட்டுகிறது. முறையான கடன் எட்டாத வீட்டுக்குள்தான் கந்துவட்டி எளிதில் நுழைகிறது. எங்களுக்குச் சங்கடம் தரும் படம் இது, அதனாலேயே பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது, சார்லஸ் ஃபெர்குசன் இயக்கி 2010இல் வெளியான 'இன்சைட் ஜாப்'. 2008இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய நிதி நெருக்கடியின் காரணங்களை ஆராய்வது. திருப்பிச் செலுத்த இயலாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். அக்கடன்களை மூட்டையாகக் கட்டி முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். அவற்றுக்குத் தர நிர்ணய நிறுவனங்கள் மிக உயர்ந்த மதிப்பீட்டை வழங்கின. கடன் கொடுத்தவருக்கு அது வசூலாகுமா என்ற கவலை இல்லாமல் போனதே சரிவின் வேர். நம் கிளையில் வருமானச் சான்று கேட்கும்போது சலித்துக்கொள்பவர்கள் இப்படத்தைப் பார்த்தால், அக்கேள்வி அவர்களுடைய பாதுகாப்புக்கும் உரியது என்பதை உணர்வார்கள்.

இவ்வளவு கவனத்துடன் ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இன்று கைப்பேசியில் வரும் ஒவ்வொரு காணொலியும் தன்னை ஆவணமாகவே காட்டிக்கொள்கிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று பரவிய வதந்தியை எண்ணிப் பாருங்கள். பதினான்கு வடிவங்களில் உள்ள நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கமளித்த பிறகும் பல கடைகளில் அவற்றை வாங்க மறுத்தார்கள். யாரோ அனுப்பிய செய்தியை நம்பியவர்கள், நாணயத்தைப் புழக்கத்தில் விடும் வங்கியின் சொல்லை நம்பவில்லை. இப்போது பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாகப் புனைந்து, முதலீடு செய்யுமாறு அழைக்கும் காணொலிகளும் உலவுகின்றன. அவற்றை நம்பி வாழ்நாள் சேமிப்பை அனுப்பிவிட்டால், அதனை மீட்பது எளிதன்று.

ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதனை எடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார்? எப்போது, எங்கே எடுக்கப்பட்டது? இதில் யாருடைய குரல் கேட்கவில்லை? நல்ல ஆவணப்படம் இவ்வினாக்களுக்கு அஞ்சாது. போலிக் காணொலி முதல் வினாவிலேயே பெரும்பாலும் தடுமாறும்.

மாதத்துக்கு ஒரு படம் போதும். சித்தூர், நகரி, புத்தூர் போன்ற ஊர்களில், வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பயிலும் பிள்ளைகள் பலர். தாத்தா பாட்டிக்குத் தமிழ் கேட்கும் படமும், பேரப்பிள்ளைகளுக்குத் துணைத்தலைப்பு உள்ள படமும் மாறி மாறி அமையட்டும். பார்த்து முடித்ததும் அரைமணி நேரம் பேசுங்கள். இயன்றால், உங்கள் வீட்டு முதியோர் தாம் வாழ்ந்த ஊரையும் செய்த தொழிலையும் பற்றிப் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நாளையும் இடத்தையும் பேசுபவரின் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லச் செய்யுங்கள். நிலப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைப்பதுபோல, அப்பதிவுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.