ஓர் எழுத்து

தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பழைய நூல்களின் ஏட்டுப் படிகளைத் தேடித் திரட்டியவர். ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. ஓரெழுத்தைப் பிறழ உணர்ந்தால் பாடலின் பொருளே மாறிவிடும். ஏடு பார்ப்போர் எழுத்தெண்ணிப் படித்தது அதனால்தான்.

பலரும் எடுத்தாளும் நிரல் தொகுதியாகிய மென்பொருள் நூலகத்தின் விளக்கவுரைக்கும் அந்தக் கண் வேண்டும். நிரல்தான் இயங்குகிறதே, உரையில் பிழையிருந்தால் என்ன என்பர் சிலர். பிழைபட்ட சொல் தேடுவோர்க்கு அகப்படாது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை வழங்கிக்கு அறிவிக்கும் 'ரெஃபரர்' என்னும் ஆங்கிலப் பெயரில் ஓர் 'ஆர்' விடுபட்டது. 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்திலும் அவ்வாறே பதிந்தது. உலகெங்குமுள்ள வழங்கிகள் அப்பிழையையே எதிர்பார்ப்பதால் இன்று திருத்த வழியில்லை. பின்னர் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்பதிலோ எழுத்து சரியாக உள்ளது. தவறும் சரியும் அருகருகே வாழ்கின்றன!

வழக்கில் ஊன்றிய பெயரைத் திருத்தினால் அதை நம்பிய நிரல்கள் முறியும். குறிப்புரையைத் திருத்தினால் எதுவும் முறியாது. இதைச் சிறுபணி என இகழ்வது எனக்கு உடன்பாடன்று. திருத்துவோர் வரிவரியாகப் படித்தாக வேண்டும். நிரலைக் கற்கப் புகும் மாணவர்க்கு அது நல்ல வாயில். ஆங்கிலத்திற்கு அஞ்சுவோர் தமிழ் விளக்கங்களைத் திறந்து பார்க்கலாம். அங்கே ஒற்றுப் பிழைகள் காத்திருக்கின்றன.