தீவின் விலைக் கணக்கு

தென் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள செயிண்ட் ஹெலினா தீவு, நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இருந்து, 1834-ல் பிரிட்டிஷ் மகுடத்தின் ஆதீனமாயிற்று. ஜனத்தொகை 5,000-க்கும் குறைவு. எனினும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கடைகளில் விலைகளை விசாரித்து, விலைவாசிக் குறியெண் ஒன்றை அங்குள்ள சர்க்கார் வெளியிட்டு வருகிறது. குடும்பங்கள் அதிகம் செலவிடும் பொருளுக்குக் கணக்கில் அதிக நிறை உண்டு.

உணவுப் பண்டங்களிற் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கப்பலேறி வருகின்றன. தீவின் நாணயமோ பிரிட்டிஷ் பவுனுடன் பிணைக்கப்பட்டது. ஆகவே, பவுனுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்க ராண்டின் மதிப்பு உயர்ந்தால், தீவில் விலையும் உயரும். விலையை நிர்ணயிக்கும் சக்தி இல்லாத ஜனங்களுக்கு, அதை அளந்தறியும் உரிமையாவது இருத்தல் அவசியமே.

ஆனால், சராசரிக் கணக்கு ஏழையின் கஷ்டத்தை மறைத்துவிடக்கூடும். மோட்டார் விலை இறங்கி ரொட்டி விலை ஏறினால், குறியெண் அசையாது நிற்கலாம். மோட்டார் இல்லாதவனுக்கோ பாரம் முழுவதும் ரொட்டியிலேயே விழும். ஆதலின், எளியவர் வாங்கும் பண்டங்களைத் தனியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கூலியையும் முதியோர் உதவித் தொகையையும் நிர்ணயிப்பதே நியாயம். சிறு தீவுக்கும் பெரிய தேசத்துக்கும் இந்த நீதி ஒன்றே.