குளத்து நத்தையும் இயந்திரச் சிறுவனும்

இரு வாரங்களுக்கு முன் நாம் ஒரு தவறு செய்துவிட்டோம். அதனை ஒப்புக்கொள்வதற்காகவே இன்று எழுதுகின்றோம்.

நெடுங்கால நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருடைய மூத்த மகள் மூலக்கூற்று உயிரியலில் முதுவிஞ்ஞானமாணிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்து வருபவள். பள்ளிக்கூட நாள் முதலாகவே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். நாம் சென்ற வேளையில் அந்த வீட்டில் ஒருவரோடொருவர் பேசக் காணோம். தேநீர் வந்தது. அதன் பின்னாலேயே நண்பரின் முறைப்பாடும் வந்தது.

"நீரே சொல்லும். நேற்றிரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன், அறையில் வெளிச்சம். பிள்ளை படிக்கிறாள் என்று நினைத்தேன். யப்பான்காரரின் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! மேற்பார்வையாளருக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை ஒரு கிழமை பிந்திவிட்டது. இது படிக்கிற பிள்ளை செய்யும் வேலையா?"

நாமும் ஆழ யோசியாமல் உபதேசத்தைத் தொடங்கிவிட்டோம். விஞ்ஞானம் முழு மனத்தையும் கேட்பது என்றோம். விளையாட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை. உள்ளே சென்று ஒரு சித்திரக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தையின் முன் மேசைமேல் வைத்தாள். "இனி இது வேண்டாம், அப்பா. அறிக்கையை முடித்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொப்பியை நாம் புரட்டினோம். கண்ணும் வாயும் பெற்ற பக்டீரியாக்கள். வாள் ஏந்திய வெண்குருதிக் கலங்கள். கலத்துக்குச் சக்தி வழங்கும் இழைமணிக்கு ஓர் அடுப்பங்கரை ஆச்சியின் முகம். ஒவ்வொன்றின் கீழும் அதன் தொழில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஆச்சியின் முகம் நம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தது. அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே தேடிப் படித்தோம்.

அனிமே என்பது யப்பானில் ஆக்கப்படும் இயங்கு சித்திரப் படங்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர். அதன் வரலாற்றைத் திறந்தவுடன் நம்மை எதிர்கொண்டவர் யாரென்று நினைக்கிறீர்கள்? ஒரு வைத்திய கலாநிதி!

ஒசாமு தெசூக்கா 1928 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி பிறந்தவர். தக்கராசூக்கா என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பூச்சிகள்மேல் அளவிலாப் பிரியம். அவற்றைப் பிடித்து, உற்று நோக்கி, காலும் சிறகும் பிழையாது ஏடுகளில் வரைந்து வைத்தார். வண்டு ஒன்றின் பெயர் தம் பெயரை ஒத்திருக்கக் கண்டு, பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் தம் பெயரோடு சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார். அவருடைய தந்தையார் வீட்டிலே சிறியதொரு படக்கருவி வைத்திருந்தார். அதில் இயங்கு சித்திரங்கள் ஓடும். இவ்வாறு ஒரே வீட்டில் ஒரே பிள்ளையை விஞ்ஞானமும் சித்திரமும் ஒருங்கே பற்றிக்கொண்டன.

1945 இல், போரின் இறுதி ஆண்டில், ஒசாக்கா சர்வகலாசாலையைச் சார்ந்த மருத்துவப் பிரிவில் அவர் சேர்ந்தார். மறு ஆண்டு தொடக்கத்திலேயே, பதினேழு வயதில், அவருடைய சித்திரத் தொடர் சிறுவர் பத்திரிகையொன்றில் வெளிவரத் தொடங்கிற்று. பகலில் உடற்கூற்று வகுப்பு, இரவில் தூரிகை என்று ஆண்டுகள் சென்றன. எந்த வழியிற் செல்வது என்று மனங்குழம்பித் தம் தாயாரிடம் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். உனக்கு மெய்யாகவே விருப்பமானது எது என்று தாயார் திருப்பிக் கேட்டாராம். சித்திரம் என்றார் மகன். அப்படியானால் அதனையே செய் என்றார் தாயார்.

ஆனால் அவர் அத்துடன் புத்தகத்தை மூடிவிடவில்லை. 1951 இல் மருத்துவக் கல்வியை நிறைவு செய்தார். 1952 இல் தேசிய மருத்துவப் பரீட்சையிற் சித்தியெய்தினார். அதே 1952 இல்தான் அஸ்ட்ரோ போய் என்று உலகம் பின்னர் அறிந்த இயந்திரச் சிறுவனின் சித்திரக் கதையும் தொடங்கியது. நோயாளரைப் பார்க்கும் தொழிலை அவர் மேற்கொள்ளவில்லை. எனினும் ஆராய்ச்சி அவரை விடவில்லை. புகழின் உச்சியில் நின்றுகொண்டே நாரா மருத்துவ சர்வகலாசாலையில் ஆய்வு செய்தார். ஆய்வுப் பொருள் யாது? குளத்து நத்தை! அந்த நத்தையில் இயல்பான விந்துக் கலங்களோடு வேறு வடிவுடைய கலங்களும் தோன்றுகின்றன. அவை உருவாகும்போது அவற்றின் மென்சவ்வுகள் எவ்வாறு அமைகின்றன என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையோடு ஆராய்ந்தார். அதற்காக 1961 இல் மருத்துவக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டிலேயே இயங்கு சித்திரக் கூடத்தையும் நிறுவினார்.

1963 ஜனவரி முதலாம் திகதி அந்த இயந்திரச் சிறுவன் தொலைக்காட்சியிற் பறந்தான். வாரம் ஒன்று வீதம் 193 கதைகள். 1966 டிசெம்பர் 31 இல் நிறைவெய்தின. வாரந்தோறும் ஒரு படத்தை முடிப்பது எளிதா? திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு எட்டுச் சித்திரங்கள் போதும். வாய் மட்டும் அசையும் இடத்தில் வாயை மட்டும் வரையலாம். முன்னர் வரைந்ததைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தலாம். இவ்வாறு கணக்கிட்டுச் செய்தார்கள். இன்று யப்பானிலிருந்து வரும் தொலைக்காட்சி அனிமேக்கள் அந்தச் சிக்கனத்தின் வழித்தோன்றல்களே.

படித்த மருத்துவமும் வீண்போகவில்லை. 1973 இல் அவர் தொடங்கிய 'பிளாக் ஜாக்', அனுமதிப்பத்திரம் இல்லாத அறுவை வைத்தியர் ஒருவரின் கதை. இருநூற்றுக்கு மேற்பட்ட அந்தக் கதைகளை, பிணவறையையும் அறுவைக் கூடத்தையும் கண்ணாற் கண்ட ஒருவரே எழுதியிருக்க முடியும். அன்பு மறுகரையிலிருந்தும் வந்திருக்கிறது. 2008 இல் அதே ஒசாக்காப் பகுதியின் ஆய்வு நிலையமொன்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள், விழித்திரையில் ஒளிச்செய்தி கடந்து செல்வதற்கு உதவும் புரதமொன்றைக் கண்டுபிடித்தார்கள். மின்னலெனப் பாயும் பிக்காச்சு என்னும் சித்திரப் பிராணியை நினைந்து அதற்குப் பிக்காச்சூரின் என்று பெயரிட்டார்கள். சித்திரம் பார்த்த பிள்ளைகள் விஞ்ஞானத்தைக் கைவிட்டுவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

எனினும் மாணவ நேயர்கள் இத்துடன் பத்திரிகையை மடித்துத் தந்தையார் முன் வெற்றியோடு நீட்டிவிடலாகாது. வழக்கின் மறுபக்கமும் உண்டு. தெசூக்கா தம் படங்களை ஆக்கச் செலவிலும் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். காதல் இருந்தது, கணக்கு நிற்கவில்லை. அவர் நிறுவிய கூடம் 1973 இல் முறிந்துபோயிற்று. விருப்பம் எத்துணைத் தூயதாயினும் வரவு செலவு பார்க்கத்தான் வேண்டும். மாணவருக்கு அந்தச் செலவு பணமன்று, நேரம்.

இன்னொன்றும் உண்டு. தெசூக்கா படம் ஆக்கியவர், நாம் பார்க்கிறவர்கள். ஆக்குபவரின் வேலைக்குக் கெடு உண்டு. பார்ப்பவருக்கு அது இல்லை. ஒரு கதைப்பகுதி ஏறக்குறைய 24 நிமிடம். பன்னிரண்டு பகுதி கொண்ட தொடரை முழுவதும் பார்க்க ஐந்து மணி நேரம் போதாது என்று சொல்ல முடியாது. ஐந்து மணி நேரத்தை ஆறு வாரத்துக்குப் பங்கிட்டால் அது பொழுதுபோக்கு. ஒரே இரவிற் கொட்டினால் மறுநாள் ஆய்வுகூடத்திற் கைதவறி உடைவது கண்ணாடிக் குழாய் மட்டுமன்று.

ஆராய்ச்சி மாணவரின் நாள் பள்ளி மாணவரின் நாளைப் போன்றதன்று. அதிற் காத்திருப்பு மிகுதி. ஜெல்லில் மரபுப் பொருள் பிரிந்துவர ஒரு மணி நேரமளவு செல்லும். பக்டீரியா பெருக ஓர் இரவு வேண்டும். பரிசோதனை பிழைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இன்று உழைத்ததற்கு இன்றே பலன் காண்பது அரிது. முடிவற்ற அந்த உழைப்பின் இடையே, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையை மனம் நாடுவதிற் குற்றம் இல்லை. குற்ற உணர்வோடு ஒளித்துப் பார்ப்பதுதான் வீண்: அதில் ஓய்வும் இல்லை, படிப்பும் இல்லை.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்வோம். முடிவுற்ற, அளவான தொடர்களையே ஆய்வுக் காலத்தில் தேர்ந்துகொள்க. நூற்றுக்கணக்கான பகுதிகளாக நீளுவனவற்றை விடுமுறைக்கு வைக்க. வாரத்தில் இன்ன நாள், இன்ன வேளை என்று வீட்டாருக்கும் தெரியச் சொல்லிவிடுக. களைத்து வந்த இரவிலே தொடங்காதிருக்க. களைத்த மனத்துக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு பகுதியின் இறுதியில் நிறுத்த எண்ணாமல் நடுவிலே நிறுத்திப் பழகுக. அடுத்ததை நாடச் செய்யும் கொக்கியை இறுதியில்தான் மாட்டி வைத்திருப்பார்கள். அறிக்கைக்குக் கெடு நெருங்கும் கிழமையிற் படத்துக்கு முழு விடுமுறை கொடுக்க. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தடை செய்யுமுன் ஒரு பகுதியைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள்.

கடைசியிற் சொன்னதை நாமே முதலிற் செய்ய வேண்டும் அன்றோ? சென்ற புதன்கிழமை மீண்டும் நண்பர் இல்லத்துக்குப் போனோம். அறிக்கையை முதல்நாளே கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். ஆனால் முகத்தில் மலர்ச்சி இல்லை. கொப்பி மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. "பிள்ளை, அன்று நாம் சொன்னது பிழை. குளத்து நத்தையை ஆராய்ந்த ஒருவரைப் பற்றி இப்போதுதான் படித்தோம்" என்றோம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெசூக்காவையா மாமா சொல்கிறீர்கள்?" என்றாள். அவளுக்கு அவரை முன்பே தெரிந்திருந்தது! எங்களிடம் சொல்ல இடமில்லாதிருந்தது, அவ்வளவுதான்.

அன்று மூவரும் இருந்து ஒரு படம் பார்த்தோம். மனித உடலின் கலங்களையே மாந்தராக்கிய தொடர் அது. 2018 இல் தொலைக்காட்சிக்கு வந்தது. செங்குருதிக் கலம் ஒரு சிறு பெண். ஒட்சிசன் பொதியைச் சுமந்துகொண்டு வழி தெரியாமல் உடலெங்கும் அலைகிறாள். நண்பர் முதலிற் கைகட்டி இருந்தார். பிறகு முன்னே சரிந்தார். "விலாசம் பாராமல் பொதியைக் கொண்டு திரிகிறாளே! எங்கள் கந்தோரில் என்றால் இவளை..." என்று தொடங்கித் தாமே சிரித்துவிட்டார்.

பகுதி முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில் மகள் படத்தை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினாய்? அந்தப் பிள்ளை பொதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாளா, இல்லையா?"

"மிகுதி சனிக்கிழமை, அப்பா. நாளைக்கு விடிய எனக்கு ஆய்வுகூடத்தில் வேலை இருக்கிறது."

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் பேசவில்லை. விடைபெற்று எழுந்தபோது மேசையைப் பார்த்தோம். கொப்பி அங்கே இல்லை.