வீட்டுக் கணக்கில் நாம் எங்கே?



2027 மார்ச் முதல் தேதியைக் கணக்கு நாளாக வைத்து நாடு முழுவதும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் என்று மத்திய அரசு 2025 ஜூன் 16ஆம் தேதி அறிவிக்கை வெளியிட்டது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த காரியம் 2021இல் நின்றுபோய், பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வருகிறது. இம்முறை சாதியும் கேட்கப்படும் என்பதால் டீக்கடையிலிருந்து சட்டசபை வரை அதுவே பேச்சாக இருக்கிறது. பேசட்டும், வேண்டியதுதான். ஆனால் பலமனேரிலும் சுற்றுப்பட்டுகளிலும் குடியிருக்கும் தமிழர்களாகிய நமக்கு, அந்தத் தாளில் கவனிக்க வேண்டிய இன்னொரு கட்டம் உண்டு. 2011இல் அது பத்தாம் எண் கேள்வியாக இருந்தது. தாய்மொழி என்ன என்பதே அந்தக் கேள்வி.

2011 பிப்ரவரியில் நம் சங்கத்துத் தோழர் ஒருவர் வீட்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தோழர் வேலைக்குப் போயிருந்தார். கணக்கெடுக்க வந்த ஆசிரியை வாசலில் நின்று தெலுங்கில் விசாரிக்க, வீட்டம்மாவும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டாயிற்று. தாய்மொழியை மட்டும் கேட்கவில்லை. பேச்சுதான் தெலுங்கில் நடக்கிறதே! ஆறு பேருக்கும் தெலுங்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தாளை எட்டிப் பார்த்திருந்த பள்ளிக்கூடத்துப் பையன் சாயங்காலம் அப்பாவிடம் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூடத்தில் படுத்திருந்த பாட்டிக்குத் தெலுங்கில் பத்து வார்த்தைகூட வராது. அந்த ஆசிரியையைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு இன்னும் நூறு வீடு பாக்கி. சொல்ல வேண்டியவர்கள் நாம், நாம் சொல்லவில்லை.

பலமனேருக்கு ரயில் கிடையாது. சித்தூருக்கோ குப்பத்துக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். இருந்தாலும் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிற நமக்கு, கணக்குப் புத்தகத்தின் குணம் நன்றாகத் தெரியும். ஒரு சின்ன ஸ்டேஷனில் தினம் ஐம்பது பேர் ஏறுவார்கள். பாதிப் பேர் டிக்கெட்டை அடுத்த ஊரில் வாங்குவார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். ஒருநாள் மேலிடத்தில் வசூலைப் பார்த்துவிட்டு, இங்கே வண்டி நிற்கத் தேவையில்லை என்று எழுதிவிடுவார்கள். அதன் பிறகு ஊரே திரண்டு வந்து மனுக் கொடுக்கும். ஐம்பது பேர் ஏறியது உண்மைதான். ஆனால் புத்தகத்தில் இல்லையே!

நம் கதையும் அதுதான். 2011இல், அப்போது பிரிக்கப்படாமலிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் 8 கோடியே 46 லட்சம் மக்கள். ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் குடும்பங்கள். சராசரியாக வீட்டுக்கு நாலு பேர். தமிழ் என்ற தலைப்பின் கீழ் வந்தவர்கள் 7 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதிலும் எருகலா, கொரவா, இருளா பேசும் மக்களைத் தமிழோடு சேர்த்துக் கூட்டுவது கணக்குத் துறையின் வழக்கம். 2014 ஜூன் 2ஆம் தேதி மாநிலம் பிரிந்தபோது ஐதராபாத், செகந்திராபாத் தமிழர்கள் தெலங்கானா கணக்குக்குப் போய்விட்டார்கள். ஆகவே மாநில மொத்தத்தில் தேடினால் நாம் கண்ணில் படமாட்டோம். ஆனால் எல்லையோர மண்டலங்களிலும், ஊரிலும், தெருவிலும் பார்த்தால் நாம் கணிசமாக இருக்கிறோம். நமக்குப் பள்ளிக்கூடமும் அறிவிப்புப் பலகையும் கிடைப்பது மாநில மொத்தத்தைப் பார்த்தல்ல, இந்தச் சின்னக் கணக்குகளைப் பார்த்துத்தான்.

வீட்டுக் கணக்கு என்றால் வீட்டில் உள்ள எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2019-20இல் இம்மாநிலத்தில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, ஆயிரம் ஆண்களுக்கு 1,045 பெண்கள் என்று சொன்னது. 2011 குடிக்கணக்கிலோ 993தான். திடீரென்று பெண்கள் பெருகிவிட்டார்களா? அந்த ஆய்வு, முந்தைய இரவு வீட்டில் படுத்தவர்களை எண்ணுகிறது. பெங்களூரில் கட்டட வேலைக்கும், லாரிக்கும், ஓட்டல் வேலைக்கும் போன ஆண்பிள்ளைகள் அந்த இரவு வீட்டில் இருப்பதில்லை என்பது ஒரு காரணமாவது இருக்க வேண்டும். குடிக்கணக்கிலும் இப்படி ஒரு விதி உண்டு. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஆனால் அந்த இருபது நாளும் வீட்டுப் பக்கமே வராதவர், எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ணப்பட வேண்டும். செங்கல் சூளைக் குடிசையிலும் கட்டட ஷெட்டிலும் இருப்பவரைத் தேடி யாராவது வந்தார்களா? வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் சங்கம் நாம். இரண்டு ஊர்க் கணக்கிலும் விடுபடுகிறவன் நம் ஆள்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த மாவட்டத்தில் மொழிக் கணக்கு வெறும் காகிதமாக இருந்ததில்லை. 1911இல் சித்தூர் ஜில்லா உருவாகும் வரை பலமனேர் வடஆற்காட்டோடு இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஜில்லா முழுவதும் அங்கே போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, எந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. கணக்கெடுப்புக்காரர் பென்சிலால் எழுதிய ஒரு சொல், ஊர் எந்த மாநிலத்தில் என்பதையே தீர்மானித்தது.

இன்று எல்லையை நகர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. அந்த வழக்கு முடிந்துவிட்டது. சட்டத்திலும் அரசு ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளிலும் உள்ளதைத்தான் கேட்கிறோம். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. பள்ளியில் நாற்பது பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் தர வேண்டும் என்பது 1949லேயே கல்வி மந்திரிகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஒரு மாவட்டத்திலோ, தாலுகாவிலோ, நகராட்சியிலோ சிறுபான்மை மொழியார் நூற்றுக்குப் பதினைந்து பேர் இருந்தால் முக்கியமான அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது 1961 முதலமைச்சர்கள் மாநாட்டின் முடிவு. பதினைந்து இருக்கிறோமா இல்லையா என்று தாசில்தார் நம் முகத்தைப் பார்த்து முடிவு செய்யமாட்டார். குடிக்கணக்கைத்தான் புரட்டுவார்.

ஆகவே எல்லோரும் தமிழ் என்று எழுதிவிடுங்கள் என்று சில தோழர்கள் யோசனை சொல்கிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. குடியாத்தத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து நம் சங்கத்தில் இருக்கும் பல குடும்பங்களுக்குத் தாய்மொழி தெலுங்கு; சிலருக்குக் கன்னடம், உருது. நம்மில் பலர் வீட்டுக்கு வந்த மருமகள் இந்த ஊர்த் தெலுங்குப் பெண். குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்று கணக்குத் துறை சொல்கிறது. அந்த மருமகள் தெலுங்கு என்றே எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி தனியாக உண்டு. குடும்பத் தலைவர் மொழியே எல்லோர் மொழியும் ஆகிவிடாது. பஞ்சாபில் என்ன நடந்தது? பஞ்சாபி பேசும் இந்துக்களில் பலர் அரசியல் காரணமாக இந்தி என்று எழுதினார்கள். 1951இல் மொழிகளைப் பிரித்துக் காட்டவே முடியாமல் சேர்த்துக் கூட்டினார்கள். 1966இல் மாநிலம் பிரிந்த பிறகும் அந்தக் கசப்பு தீரவில்லை. பொய்க் கணக்கால் கிடைக்கும் பள்ளிக்கூடம் அடுத்த கணக்கில் மூடப்படும். தமிழ்நாட்டில் 2011இல் தெலுங்கைத் தாய்மொழியாக எழுதியவர்கள் 42 லட்சத்துக்கு மேல். அவர்கள் அங்கே கேட்பதும் நாம் இங்கே கேட்பதும் ஒன்றே. அவர்கள் கணக்கு நேராக இருக்க வேண்டுமானால் நம் கணக்கும் நேராக இருக்க வேண்டும்.

வேறு சிலருக்குப் பயம். தமிழ் என்று எழுதினால் ரேஷன் கார்டு போய்விடும், வீட்டுப் பட்டா போய்விடும், பிள்ளைக்கு உள்ளூர்க்காரன் என்ற உரிமை போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இது வீண் பயம். வேலைக்கும் படிப்புக்கும் உள்ளூர் உரிமை, படித்த இடத்தையும் குடியிருந்த இடத்தையும் பார்த்து வருவது. தாய்மொழியைப் பார்த்து அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, தனி ஒருவர் சொன்ன விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. அதே சட்டம், கேட்ட கேள்விக்குத் தெரிந்தவரை உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. உண்மை சொல்வது நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

கடைசியாக, நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம். மேற்சொன்ன 2019-20 ஆய்வின்படி இம்மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 குழந்தைகள். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது முன்போல் சுலபமல்ல. இருக்கிற ஒன்றிரண்டையும் இங்கிலீஷ் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டு, தமிழ் வாத்தியார் இல்லை என்று சங்கக் கூட்டத்தில் மேஜையைத் தட்டுகிறோம். இந்தத் தலையங்கத்தை எழுதும் நாமும் அந்தத் தவறைச் செய்தவர்களே. கணக்கு கதவைத் திறக்கும். பிள்ளையைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவர்கள் பெற்றோர்.

ஆகவே தோழர்களே, கணக்கெடுப்பவர் வரும் நாளில் வீட்டில் பொறுப்பானவர் ஒருவர் இருங்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். தாய்மொழியை அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தெரிந்த பிற மொழிகளுக்கும் இடம் உண்டு; அங்கே தெலுங்கைத் தவறாமல் சொல்லுங்கள், அது நமக்குச் சோறு போடும் மொழி. போகும் முன் ஒவ்வொருவர் வரியையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு முன்கூட்டியே போன் போட்டு, அவன் இருக்கும் இடத்தில் பெயர் சேர்ந்ததா என்று கேளுங்கள். சூளையிலும் ஷெட்டிலும் இருப்பவர்களைத் தேடிப் போக ஊருக்கு இரண்டு தொண்டர்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவும். சித்தூரிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தாவது நாமும் வந்துவிடுவோம்.