கட்டாக்காலிகளை உருவாக்குவோர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கட்டாக்காலி நாய்களின் தொல்லை பற்றிய முறைப்பாடு புதியதன்று. உள்ளூராட்சி மன்றக் கூட்டங்களிலும், பத்திரிகைகளின் வாசகர் கடிதங்களிலும், தேநீர்க்கடை வாங்குகளிலும் அது ஓயாது ஒலித்து வருகின்றது. ரியூசனுக்குச் சைக்கிளில் செல்லும் பிள்ளையை நாய் துரத்துகின்றது. இரவில் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்கின்றது. சந்தையில் மீன்கூடைகளைச் சுற்றி வருகின்றது. இவை யாவும் உண்மையே. ஆனால், "இவற்றை அகற்றுவது யார்?" என்ற வினாவோடு தொடங்கும் முறைப்பாடு அதே வினாவோடு முடிந்தும் விடுகின்றது. "இவை எங்கிருந்து வந்தன?" என்று எவரும் வினவுவதில்லை. வினவினால், நீட்டிய விரல் வீதியை விட்டு வேலிக்கு உள்ளே திரும்பிவிடும் என்பதை அனைவரும் அறிவர்.

கட்டாக்காலி என்றொரு நாயினம் உலகில் இல்லை. இன்று வீதியில் அலையும் ஒவ்வொரு நாயும், அல்லது அதன் தாயோ பாட்டியோ, ஒரு காலத்தில் ஏதோவொரு வளவில் சோறுண்டு வளர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, கட்டாக்காலிப் பிரச்சினை என்பது அடிப்படையில் நாய்க்குட்டி வளர்ப்புப் பிரச்சினையே ஆகும். குட்டியை எவ்வாறு தெரிவு செய்கின்றனர், எவ்வாறு வளர்க்கின்றனர், எவ்வாறு கைவிடுகின்றனர் என்பவற்றை ஆராயாது வீதி நாயைப் பற்றிப் பேசுவது, ஊற்றை அடைக்காது வெள்ளத்தை இறைப்பது போன்றதாகும்.

முதலில் தெரிவை நோக்குவோம் என்றால், அங்கேயே அநீதி தொடங்கிவிடுகின்றது. ஒரு வீட்டில் நாய் குட்டி ஈன்ற செய்தி பரவியதும் அயலவர் வந்து கேட்கும் முதற் கேள்வி, "கடுவன் இருக்கோ?" என்பதே. கண் திறக்கும் முன்னரே கடுவன் குட்டிகளுக்கு உரிமையாளர் நிச்சயிக்கப்பட்டு விடுகின்றனர். பெட்டைக் குட்டிகளைக் கேட்பாரில்லை. மூன்றாம் நாலாம் வாரத்தில், பெரும்பாலும் இருள் கவிந்த பின்னர், அவை ஒரு உரப்பையினுள்ளோ கடதாசிப் பெட்டியினுள்ளோ இடப்பட்டுச் சந்தை வளவிலும், பாடசாலை மதிலோரத்திலும், ஊருக்குப் புறம்பான தரவை வெளியிலும் விடப்படுகின்றன. "ஆரும் இரக்கப்பட்டவை எடுத்து வளர்ப்பினம்" என்ற சமாதானமும் கூடவே விடப்படுகின்றது. தன்னிடம் இல்லாத இரக்கத்தை ஊரார் அனைவரிடமும் எதிர்பார்ப்பதே இச்சமாதானத்தின் உட்பொருள்.

இச்செயல் நிகழும் இடங்களுள் கோயில் வீதியும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை, வேம்பின் கீழும் ஆலின் கீழும் வைரவர் கோயில்கள் உண்டு. காவல் தெய்வமாகிய வைரவருக்கு வடைமாலை சாத்தி வழிபடுவர். அவருடைய வாகனம் நாய். தன்னை நாயோடு ஒப்பிட்டு உருகிப் பாடிய மணிவாசகரின் திருவாசகத்தைக் கண்ணீர் மல்க ஓதும் மரபும் இம்மண்ணுக்கு உரியது. சுவர்க்கத்தின் வாயிலில் நின்றும், உடன்வந்த நாயைக் கைவிட்டு உள்ளே செல்ல மறுத்த தருமனின் கதை புராணபடனங்களில் கேட்ட கதையே. இத்தனையும் அறிந்த சமூகம், பால்மணம் மாறாத குட்டிகளை அதே வைரவரின் வாசலில் விட்டு, திரும்பிப் பாராமல் நடக்கின்றது. கொல்லாமையைப் போற்றுவோர் தம் கையாற் கொல்வதில்லை. வெயிலிடமும், பசியிடமும், வாகனச் சில்லிடமும் அப்பணியை ஒப்படைத்து விடுகின்றனர்.

பெட்டையை மறுப்பதற்குக் கூறப்படும் காரணம், அது குட்டி போட்டுப் பெருகும் என்பதாகும். இக்காரணத்தை அதன் முடிவு வரை தொடர்ந்து நோக்க வேண்டும். பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பருவமெய்துகின்றது. அதன் சினைக்காலம் சுமார் 63 நாள். ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரக்கூடியது. ஈற்றுக்கு ஐந்து குட்டி என மட்டாகக் கணக்கிட்டாலும், ஓராண்டில் பத்துக் குட்டிகள் பிறக்கலாம். அவற்றுள் பாதி பெட்டையாயின் அடுத்த ஆண்டின் கணக்கு எங்கே சென்று நிற்கும்? வீட்டில் வைத்திருந்தால் ஒரு சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடிய பெருக்கம், வீதியில் விடப்பட்டதனால் எவருடைய கட்டுப்பாட்டுக்கும் அப்பாற் சென்றுவிடுகின்றது. பெருகிவிடும் என்று அஞ்சி விடப்படும் பெட்டையே ஊரெங்கும் பெருகுகின்றது. அஞ்சியவரே பின்னர் பிரதேச சபைக்கு முறைப்பாடும் எழுதுகின்றார்.

அதிர்ஷ்டசாலியெனக் கருதப்படும் கடுவன் குட்டியின் வாழ்வாவது செம்மையானதா? அதுவும் இல்லை. நாய்க்குட்டி எட்டு வாரமளவாவது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருத்தல் வேண்டும். இங்கோ ஒரு மாதம் நிரம்பு முன்னரே "பழக்க வேணும்" என்று பிரித்தெடுத்து வருவர். தாய்ப்பாலுக்கு ஈடாகப் பசுப்பாலை ஊற்றுவர்; அதிலுள்ள பாற்சர்க்கரையைச் செரிக்க இயலாது குட்டிக்கு வயிற்றோட்டம் ஏற்படும். சிறு வயிற்றுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை சிறிது சிறிதாக உணவளிக்க வேண்டியிருக்க, வீட்டார் உண்டு முடித்தபின் எஞ்சிய சோறும் குழம்பும் ஒரே வேளையாகச் சிரட்டையில் கொட்டப்படும். குழம்பிலுள்ள வெங்காயம் நாயின் குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதோ, சமைத்த கோழியெலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதோ சிந்திக்கப்படுவதில்லை. குட்டியின் குடலிலுள்ள வட்டப்புழு முற்றத்து மண்ணில் விளையாடும் குழந்தைக்கும் தொற்றக்கூடியது. எனவே, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சிமருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். அது வீட்டுப் பிள்ளைக்கும் செய்யும் பாதுகாப்பாகும்.

1978ஆம் ஆண்டளவில் அடையாளங் காணப்பட்டு உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் நோய், இரத்தக் கழிச்சலோடு சில நாள்களிலேயே குட்டியைக் கொல்வது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை இடப்படும் தடுப்பூசிகள் அதனைத் தடுக்கும். ஆனால் குடாநாட்டில் குட்டி இறந்தால், "கண்ணூறு பட்டுப் போச்சு" என்றோ "ராசியில்லை" என்றோ கூறி, மறுவாரமே அதே முற்றத்துக்கு இன்னொரு குட்டியைக் கொண்டு வருவோர் உளர். அந்நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

உடலைப் பேணுவதிலும் பாரதூரமான தவறு குணத்தை உருவாக்குவதில் நிகழ்கின்றது. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் நீண்டகால ஆய்வின் பின் 1965இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டியின் மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே அது மனிதரோடும் ஏனைய உயிர்களோடும் உறவு கொள்ளப் பழகும் காலம் என நிறுவினர். அக்காலத்தில் அன்பான கைகளையும், பலவகை மனிதரையும், ஓசைகளையும் அறிந்த குட்டி அச்சமற்ற நாயாகின்றது. யாழ்ப்பாணத்து வளவில் அதே வாரங்களில் குட்டியின் கழுத்தில் கயிறு ஏறிவிடுகின்றது. "அவிட்டு விட்டால் பழுதாப் போகும், கட்டி வைச்சால்தான் கடியன் ஆகும்" என்பது பரம்பரையாக வந்த போதனை. பகல் முழுதும் மாமரத்தடியில் கட்டுண்டு, சிறுவரின் கல்லெறியை மட்டுமே மனித உறவாக அறிந்த பிராணி, படலை திறந்திருந்த ஒரு நாளில் வீதியாற் செல்பவரைக் கடித்தால் குற்றவாளி யார்? கடிப்பதற்கென்றே வளர்த்தவர், கடித்தவுடன் அதனைக் கொண்டுபோய்த் தொலைத்துவிடுகின்றார். இவ்வாறு இன்னொரு கட்டாக்காலி உருவாகின்றது.

அண்மைக்காலத்தில் சாதிநாய் மோகம் ஒன்றும் சேர்ந்துள்ளது. கடல்கடந்து வரும் பணத்தில் அல்சேஷன், றொட்வைலர் குட்டிகள் வாங்கப்பட்டுச் சீமெந்துக் கூடுகளில் அடைக்கப்படுகின்றன. மனிதரிடையே சாதியை ஒழிக்கப் போராடிய மண்ணில் நாயின் சாதிக்கு விலை பேசப்படுகின்றது. வீட்டார் வெளிநாடு செல்லும் நாளில் அக்கூடுகளின் திறப்பு அயலவரிடம் வருகின்றது. சில மாதங்களில் அந்நாயும் வீதிக்கு வருகின்றது.

வீதியில் நாய் பெருகுவதன் மிகக் கொடிய விளைவு நீர்வெறுப்பு நோய், அதாவது விசர்நாய்க்கடி ஆகும். அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைக்காத நோய் இது. 1885இல் லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தைக் கண்டு வெற்றி பெற்றதன் பின்னும், இலங்கையில் 1893இல் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டதன் பின்னும், 1973இல் நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. இவ்வீழ்ச்சிக்கு நாய்களைப் பிடித்துக் கொன்றமையே காரணமென வாதிடுவோர் உளர். ஆனால் 2006இல் அரசு அக்கொலையைக் கைவிட்ட பின்னரும் மரணங்களின் போக்கு இறங்குமுகமாகவே இருந்தது. நாய்களுக்கான தடுப்பூசியும் கடியுண்டோருக்கான சிகிச்சையுமே உயிர்களைக் காத்தன.

பிற நாடுகளின் அனுபவமும் இதுவே. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997இல் இந்நோய் புகுந்தபோது பெருந்தொகையான நாய்கள் கொல்லப்பட்டன, நோயோ நீங்கவில்லை. 2008இல் பாலித் தீவில் நோய் தோன்றியபோதும் முதலில் கொலையே கைக்கொள்ளப்பட்டது. 2010இல் தீவு முழுதும் தடுப்பூசி இடத் தொடங்கிய பின்னரே நோய் வெகுவாகத் தணிந்தது. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி இடப்பட்டால் நோயின் தொடர் அறும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கொலையில் ஊசி இடப்பட்ட நாயும் சாகின்றது. வெறுமையான இடத்தை ஊசி இடப்படாத புதுக்குட்டிகள் நிரப்புகின்றன. அக்குட்டிகளை வழங்குவதற்கு உரப்பையோடு ஒருவர் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றார்.

இங்கே சில மறுப்புகள் எழும். "மனிதருக்கே மருந்தில்லை, நாய்க்கு வைத்தியமா?" என்பது முதலாவது. விசர்நாய்க்கடித் தடுப்பூசி நாய்களுக்கு அரசினால் இலவசமாகவே இடப்படுகின்றது; சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் நாளும் இடமும் தெரியும். வறியவனுக்கு இல்லாதது பணமன்று, தகவலே. வசதி படைத்தவனுக்கு இல்லாதது மனமே. கடியுண்ட மனிதருக்கு அரசு செலவிடும் மருந்தின் பெறுமதியை எண்ணுவோர், நாயைப் பேணுவது மனிதரைப் பேணுவதேயென உணர்வர். "கருத்தடை இயற்கைக்கு மாறானது, பாவம்" என்பது இரண்டாவது. கண் திறந்து சில நாள்களேயான ஆறு குட்டிகளைத் தரவையில் விடுவது எந்த இயற்கைக்கு அமைவானது? "நாய்களுக்கென்று சரணாலயம் இருக்கின்றதே" என்பது மூன்றாவது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை அமைத்த நாய்கள் சரணாலயம் போற்றுதற்குரியது. ஆனால் ஒருவர் செய்யும் அறம் ஏனையோர் செய்யும் மறத்துக்கு அனுமதிச் சீட்டாகாது. ஊரார் யாவரும் கைவிடுவதை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டே இருத்தல் இயலுமா?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இச்சமூகம் மறக்கவில்லை. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கையில் அகப்பட்டதோடு, கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நாய்களை அழைத்துச் செல்ல வழியிருக்கவில்லை. ஆளற்ற வீட்டு வாசல்களில் அவை காத்துக் கிடந்தன. அன்று கைவிட்டமைக்குப் போர் காரணம்; அதை எவரும் பழித்தல் தகாது. கைவிடப்படுதல் என்றால் என்ன என்பதைத் தானே அனுபவித்த சமூகம் இது. வீடிழந்து, வேலியிழந்து, அயலூரின் பாடசாலைத் திண்ணையில் யாராவது இரங்குவார் என்று காத்திருந்த சமூகம் இது. இன்று போர் இல்லை; ஷெல் இல்லை; இடப்பெயர்வு இல்லை. உரப்பை மட்டும் இருக்கின்றது. இதற்கு எதைக் காரணமாகக் கூறுவது?

இறுதியாக, கற்றோர் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பல்கலைக்கழக வளாகங்களிலும் விடுதிகளிலும் குட்டிகள் வந்து சேர்கின்றன. மாணவர் பெயர் சூட்டி, சிற்றுண்டிச்சாலையில் றோல்ஸ் வாங்கிப் போட்டு, படமெடுத்து மகிழ்கின்றனர். பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும் அக்குட்டி பட்டினியோடு வாயிலில் நிற்கின்றது. இதுவும் கைவிடலே, படித்தவர் செய்யும் நாகரிகமான கைவிடல். உணவிடும் கை ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். ஒரு வகுப்பு மாணவர் ஒரு நாள் தேநீர்ச் செலவைச் சேர்த்தால் ஒரு பெட்டைக்குச் சத்திரசிகிச்சை செய்விக்க இயலாதா? விரிவுரையாளர் தம் ஊரில் குட்டி ஈன்ற வீட்டுக்குச் சென்று நான்கு வார்த்தை எடுத்துரைத்தல் இயலாதா?

செய்ய வேண்டியவை எளியவை. குட்டி வேண்டுவோர் பெட்டையையும் ஏற்க வேண்டும். எட்டு வாரம் தாயோடு விட வேண்டும். பூச்சிமருந்து, தடுப்பூசி, பதிவு ஆகியவற்றைக் காலந்தவறாது செய்ய வேண்டும். கருத்தடை செய்ய வேண்டும். கயிற்றைத் தளர்த்திக் கையை நீட்ட வேண்டும். இவற்றைச் செய்ய ஆயத்தமில்லாதவர் குட்டியைக் கொண்டுவராது இருப்பதே அறம். இவற்றுள் ஒன்றையும் செய்யாது, கட்டாக்காலிகளை ஒழிக்கும்படி மனு எழுதுவோர், அம்மனுவில் ஒப்பமிடுமுன் தம் வீட்டுப் பெட்டை சென்ற ஆண்டு ஈன்ற குட்டிகள் இன்று எங்கே என்பதையும் ஒரு வரியில் எழுதிச் சேர்ப்பாராக.