வார்த்தைக்கா பயம்?



தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வரும் நம்மில் பலரை மிரட்டுவது மெஷின் இல்லை, கணக்கும் இல்லை. வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தைகள்தான். 'இதெல்லாம் நமக்கு எங்கடா வரும்'னு முதல் செமஸ்டரிலேயே பாதி உயிர் போய்விடுகிறது.

அந்த வார்த்தைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். சிவில்காரர்கள் படிக்கும் 'அனிகட்' நம்ம அணைக்கட்டேதான்! கல்லணைக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் 'கிராண்ட் அனிகட்'. மெக்கானிக்கல்காரர்கள் படிக்கும் 'கொரண்டம்' நம்ம குருந்தக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 9. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. இயற்கையாகக் கிடைக்கும் எமரியிலும் முக்கியமான பொருள் இதுதான். இந்திய மண்ணிலிருந்து இங்கிலீஷில் புகுந்த இப்படிப்பட்ட சொற்களுக்காகவே 1886-இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற தடித்த அகராதி வெளிவந்தது.

நம் சொல்லை எடுத்துக்கொள்ள அவர்கள் கூச்சப்படவில்லை. தங்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்தார்கள். நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

தேனாம்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் நின்று பாருங்கள். 'பிஸ்டன்', 'கார்ப்பரேட்டர்' எல்லாம் சரளமாக வரும். அங்கே பொருளைக் கையில் பிடித்த பிறகு பெயரைக் கற்கிறார்கள். நாமோ பெயரை மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளைத் தேடுகிறோம்!

ஆகவே, புதுச் சொல் வரும்போதெல்லாம் தமிழில் விளக்கச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்போம். "சார், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று எழுந்து கேட்பவரைப் பார்த்து கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பதையும் இன்றோடு நிறுத்துவோம். அவர் கேட்பது நம் எல்லோருக்காகவும்தான்!